வராத விளம்பரத்தின் இடத்தில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாரத்தில் பாதி நாள் உங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். கன்னம் சற்று உப்பியிருக்கிறது, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. புதிய அரசின் செய்தித் தொடர்பாளருக்குச் சாப்பாடு கிடைக்கிறது, தூக்கம் கிடைப்பதில்லை என்று புரிந்துகொண்டேன். தங்கையும் என் மருமகளும் எப்படி இருக்கிறார்கள் என்பதைத்தான் எந்தச் சேனலும் காட்டுவதில்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். உங்கள் உதவியாளர் எடுத்தார். "சார் மீட்டிங்ல இருக்காரு. நீங்க எந்தப் பத்திரிகை?" என்றார். நான் அவருடைய மச்சான் என்றேன். "சரிங்க சார், அது எந்தப் பத்திரிகை?" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆகவே வீட்டு விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

பத்திரிகை அலுவலகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் "டேய்" போட்டுப் பேசியவர்கள் நாம். என் தங்கையை உங்களுக்குக் கொடுத்த அன்று காலையில்கூட, "டேய், பொத்தானைச் சரியாப் போடுடா" என்றுதான் சொன்னேன். சாயங்காலம் முதல் நீங்கள் "நீங்கள்" ஆகிவிட்டீர்கள். அதில் வருத்தம் கிடையாது, உறவு என்றால் அப்படித்தான். ஆனால் இதை அந்தப் பழைய டேய்க்குத்தான் எழுதுகிறேன். மரியாதைக்காக மாப்பிள்ளையின் பெயரில் அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் நடத்திய செய்தியாளர் கூட்டத்தை அலுவலகத்தில் எல்லாரும் நின்றுகொண்டே பார்த்தோம். நம் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தீர்கள். மருத்துவமனைச் செய்தி. சிறுநீரகப் பிரிவில் பாதி இயந்திரங்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன, புதிய அரசு பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ததோடு சரி, புதிதாக யாரிடமும் பொருள் வாங்க ஏற்பாடு செய்யவில்லை, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்ற செய்தி. மறு கையில் ஒரு படம். பக்கத்தில் வந்திருந்த அதே படம்தான், ஆனால் முழுப் படம். நடைக்கூடத்தில் நோயாளிகள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, சுவரில், தோற்றுப் போன பழைய தலைவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். "இது யாருடைய ஆட்சியில் எடுத்த படம்? படமே பொய் என்றால் செய்தி என்ன?" என்று கேட்டீர்கள். கூட்டம் சிரித்தது. எனக்கு உங்கள் குரல் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகாகத்தான் பேசினீர்கள்.

அந்தப் பழைய தலைவரின் முகத்தைப் படத்திலிருந்து வெட்டியது யார், மாப்பிள்ளை? இரண்டு வருடத்துக்கு முன்னால், நோயாளிகளின் தலைக்கு மேலே அவர் சிரித்துக்கொண்டிருந்தால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மேல்பாதியை வெட்டியது நீங்கள். என் எதிரில் உட்கார்ந்து வெட்டினீர்கள். "தலை போனா தலைவலி போச்சு" என்று சொல்லிச் சிரித்தோம். வெட்டிய படம் மட்டும் அலுவலகக் கணினியில் தங்கியது. முழுப் படம் உங்களோடு தலைநகருக்கு வந்திருக்கிறது. அந்த முகம் இருந்திருந்தால் பக்கம் போடுகிறவனுக்கு இது பழைய படம் என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும்.

அந்தப் படம் பக்கத்துக்குள் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அன்று அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க உங்கள் அரசின் விளம்பரம். நூறு நாள் சாதனை. பக்கம் முடிந்து, மருத்துவமனைச் செய்தியை எழுதிய நம் கேள்விக்குறி அதைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கொடுத்த செய்தியில் படமே கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் விளம்பர மேலாளருக்கு உங்கள் தொலைபேசி வந்தது. என் தலையங்கத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்க அவர் அறைக்குப் போயிருந்தேன். மனிதர் இரண்டு கையிலும் காகிதம் வைத்திருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். "அந்த ஆஸ்பத்திரி நியூஸ் நாளைக்கு வருதாமே? அப்ப எங்க விளம்பரம் வேண்டாம்" என்றீர்கள். பக்கம் ஏத்தியாச்சு சார் என்று அவர் கெஞ்சினார். "ஏத்தினா இறக்குங்க" என்றீர்கள்.

அரைப் பக்கம் வெறுமையாக நின்றது. அச்சகம் காத்திருந்தது. பக்கம் போடும் நம் தாடி, பாவம், கையில் கிடைத்த மருத்துவமனைப் படத்தைப் பெரிதாக்கி அந்த ஓட்டையை அடைத்தான். உங்கள் விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கையால் வெட்டிய படம். வெளியாள் ஒருவருக்கு இதைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்.

இப்போது கேள்விக்குறியின் கழுத்தில் கத்தி வந்திருக்கிறது. செய்தியைப் புனைந்து எழுதினாள் என்று உங்கள் துறையிலிருந்து பத்திரிகையாளர் சங்கத்துக்குப் புகார் போயிருக்கிறது. விசாரணையில் அவள் பக்கம் தப்பு என்று வந்தால் செய்தியாளர் அட்டை போய்விடும். அதன் பிறகு எந்தப் பத்திரிகை வாசலிலும் அவளை ஏற்ற மாட்டார்கள். அவளை வேலைக்கு எடுத்தவர் நீங்கள். நேர்முகத்தேர்வில் நாம் கேட்டதைவிட அவள் அதிகம் கேட்டாள் என்று அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் நீங்கள்.

நான் கேட்பது ஒரே வாக்கியம். "படம் பழையது, செய்தி உண்மையானது." அடுத்த கூட்டத்தில் போகிற போக்கில் சொன்னால் போதும். ஆட்சிக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இன்னொன்று. பதவியேற்பு உரையில் உங்கள் தலைவர், "கேள்வி கேட்பவன் வீட்டுக்குள் வந்த திருடன் அல்ல, கதவு திறந்திருப்பதைச் சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரன்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அது என் தலையங்கத்தின் வரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகட்டும்.

தங்கைக்கு என் அன்பு. மருமகளுக்குக் கணக்கு வருகிறதா என்று கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மச்சான்

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் வரவில்லை. வேறு வழியில் வந்தது. தங்கை தொலைபேசியில் அழைத்தாள். சுற்றி வளைத்து மழை, வெயில், மாடி வீட்டுக்காரர்களின் நாய் எல்லாம் பேசிவிட்டு, "அண்ணா, அவரு பதில் எழுத மாட்டாரு. எழுதினா அதுவும் செய்தியாயிடும்னு சொல்றாரு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. உங்கள் கடிதத்தை எடுத்துப் போய் அச்சுக்குக் கொடுப்பவன் என்று என்னை நினைக்கிறீர்கள். வீட்டுக்காரியிடமும் அப்படியே சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. "உனக்கு அவரு மேல பொறாமைண்ணா. அவரைக் கூப்பிட்டாங்க, உன்னைக் கூப்பிடலை. அதான்" என்றாள். எனக்கு இரண்டு முதுகலைப் பட்டம் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றரை. இதை எழுதுவதால் பொறாமை என்று ஆகிவிடாது. உண்மை எதுவோ அதைச் சொல்கிறேன். புதிய அரசு உங்களைக் கூப்பிட்ட அன்று நான்தான் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை வந்தேன். ரயில் கிளம்பும்போது, "உங்களையும் சீக்கிரம் கூப்பிட்டுக்கறேன் மச்சான்" என்றீர்கள். நான் காத்திருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்னீர்கள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். முதலாளி படுத்த படுக்கையானதிலிருந்து எல்லாம் அவர் மகன் சின்னவர்தான். அவர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தாடி நின்ற இடத்திலேயே, "படத்தை வச்சது நான்தான் சார், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அழுதான். சின்னவர் பேனாவைத் திருகிக்கொண்டே, "பக்கம் போடுறவன் பேரு யாருக்கய்யா தெரியும்? பேப்பர்ல இருக்கிறது அவ பேரு" என்றார். விளம்பர மேலாளரைப் பார்த்தேன். அந்தத் தொலைபேசியைப் பற்றிக் கேட்டேன். "விளம்பரம் வரலை, அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு. யாரு பேசினாங்கன்னு எப்படி சார் ஞாபகம் இருக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை போன் வருது" என்றார். அவர் முகம் எனக்கு நேராக இருந்தது, கண்கள் மட்டும் மேசைமேல் இருந்த கண்ணாடி உருண்டையில் இருந்தன. அவருக்கு ஞாபகம் போய்விட்டது என்றால், உங்கள் குரலைக் கேட்டவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

மன்னிப்புக் குறிப்பு ஒன்று முதல் பக்கத்தில் வர வேண்டும், வந்தால் நின்று போன விளம்பரங்கள் திரும்ப வரும் என்று உங்கள் அலுவலகம் சொல்லியிருக்கிறதாம். அதை எழுதும் பொறுப்பு எனக்கு. "நீங்கதான் சார் நாசூக்கா எழுதுவீங்க" என்றார் சின்னவர். எழுதினேன். செய்தியோடு வெளியான படம் பழையது, அதற்கு வருந்துகிறோம் என்று எழுதினேன். மறுநாள் காலை பத்திரிகையைப் பிரித்தால், வெளியான செய்தி தவறானது, அதற்கு வருந்துகிறோம் என்று இருந்தது. படம் என்ற சொல்லே இல்லை. என் நாசூக்கு அப்படியே இருந்தது, பொருள்தான் வேறு.

கேள்விக்குறியின் செய்தியில் பெயரோடு பேசியவர் ஒரே ஒருவர், பேருந்து ஓட்டுநர். வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் படுக்க வேண்டியவர். பேசியதற்கு மறுநாளே பிரிவின் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் பத்திரிகையில் பேசினீர்களா இல்லையா, இருக்கிற இயந்திரங்களுக்கு வரிசை நீளமாக இருக்கிறதே என்றாராம். அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று ஓட்டுநர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்லச் சொல் என்று கேள்விக்குறியிடம் நான் கத்தினேன். உங்களுக்குத்தான் தெரியுமே, கோபம் வந்தால் என் குரல் வாசல்வரை போகும். அவள் மெதுவாக, "அவரு மிஷின்ல படுக்கணும் சார். நம்ம பேப்பர்ல படுக்க முடியாது" என்றாள். பிறகு தன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அன்றே அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லியிருந்தார்கள், எனக்கு அப்போது தெரியாது.

மாப்பிள்ளை, பழைய ஆட்சியின்போது நாம் ஒரு கட்டுரைக்குப் பத்துக் கேள்வி எழுதுவோம். அமைச்சர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, எங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்பார்கள். அவகாசம் முடிந்துவிட்டது என்று தலைப்புப் போட்டவர் நீங்கள். அந்தத் தலைப்புகளின் மேல் நடந்துதான் உங்கள் தலைவர் நாற்காலிக்குப் போனார். இப்போது கேள்வி கேட்டவளின் மேசை காலியாக இருக்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் எதிர்பார்க்கிறேன். கடிதமாக எழுத வேண்டாம். செய்தியாகிவிடும். கூட்டத்தில் வாயால் சொல்லுங்கள்.

வருத்தத்துடன்,
உங்கள் மச்சான்

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதைத் தங்கையிடம் காட்டாமல் முதலில் நீங்களே படியுங்கள்.

பத்திரிகையாளர் சங்கத்தின் விசாரணை வரும் வியாழக்கிழமை. நேற்று மாலை கேள்விக்குறி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வழக்கமாக வாய் மூடாதவள், அன்று எதுவும் கேட்காமல் என் அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "சார், விளம்பரம் நின்னதாலதான் அந்தப் படம் வந்துச்சு, நிறுத்தச் சொன்னவரோட குரலை நீங்க காதால கேட்டீங்கன்னு தாடி சொல்றான். அங்க வந்து சொல்லுவீங்களா?"

காபி போடுகிறேன் என்று நான் எழுந்தேன். அவள் திரும்பக் கேட்கவும் இல்லை. "உங்க குடும்ப விஷயம் சார், எனக்குப் புரியுது. வேண்டாம்னா வேண்டாம். வியாழக்கிழமைக்கு முன்னாடி சொல்லிட்டீங்கன்னா போதும், நான் வேற எதையாவது நம்பிக்கிட்டு இருக்க மாட்டேன்" என்று எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தங்கை அழைத்தாள். எப்படியோ உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது போலும். உங்கள் துறைக்கு நல்ல செய்தியாளர்கள் இருக்கிறார்கள். தங்கை இந்த முறை மழை வெயில் எதுவும் பேசவில்லை. "அண்ணா, நீ சொன்னா அவரைத் தூக்கிடுவாங்க. இப்பவே அவரை எப்படா கவுக்கலாம்னு நாலு பேரு சுத்திக்கிட்டு இருக்காங்க. உன் தங்கச்சி குடும்பம் நடுத்தெருவுக்கு வரணுமா?" என்றாள். "அந்தப் பொண்ணு உனக்கு யாரு?" என்றாள். கடைசியில், "நீ சொன்னீன்னா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று வைத்துவிட்டாள். அழுதுகொண்டுதான் வைத்தாள் என்று நினைக்கிறேன். சிறு வயதில் அவள் அழுதால் மூக்கு முதலில் அடைத்துக்கொள்ளும். அந்தக் குரல்தான் கேட்டது.

இன்று காலை மருத்துவமனைக்குப் போனேன். எதையாவது எழுதுவதற்காக அல்ல. வீட்டில் இருக்க முடியவில்லை. நடைக்கூடத்தில் அந்தச் சுவர் இருக்கிறது. பழைய தலைவரின் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது உங்கள் தலைவர் இருக்கிறார். நல்ல சட்டகம். அவரும் சிரிக்கிறார். கீழே தரையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஓட்டுநரும் இருந்தார். கால் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் நுழையவில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இடம் விட்டு, "உக்காருங்க சார், இன்னைக்கு எனக்கு இல்லையாம், நாளைக்குன்னு சொல்லிட்டாங்க. சும்மா இருந்து பாக்கறேன், யாராவது வராம இருந்தா கூப்பிடுவாங்க" என்றார். யாராவது வராமல் இருந்தால் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. மதியம்வரை கூட உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்திருந்தார்கள். அவரைக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேள்விக்குறிக்குப் போன் செய்து, விசாரணைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை, இதை நான் உங்கள் மேல் இருக்கும் வன்மத்தால் செய்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். வன்மம் இருக்கிறது. திருடப்பட்ட வரிக்காக இருக்கிறது. ரயிலடியில் கொடுத்த வாக்குக்காக இருக்கிறது. எந்தப் பத்திரிகை என்று கேட்ட உதவியாளருக்காகவும் இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். அவ்வளவும் சேர்ந்தாலும் என் தங்கையின் வாசலை இழக்கும் அளவுக்கு வரவில்லை. இன்று காலை அந்தத் தரையில் உட்காராமல் இருந்திருந்தால் நானும் விளம்பர மேலாளரைப் போல மறந்திருப்பேன். மறப்பதற்கு ஒரு காரணம் தேடித்தான் அங்கே போனேன் போலிருக்கிறது.

விசாரணையில் நான் கேட்டதை மட்டும் சொல்வேன். உங்கள் குரல் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஏத்தினா இறக்குங்க என்று சொன்னதையும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்ட மாட்டேன். அன்று மாலையே சின்னவர் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், நீங்கள் கவலைப்படப் போவதும் இல்லை.

ஆனால் வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. புதன்கிழமை உங்களுடைய வாராந்திரக் கூட்டம். நான் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அது வேறு. தவறு நடந்தது, விளம்பரத்தை அவசரப்பட்டு நிறுத்தினேன், அந்தப் பெண்ணின் செய்தி சரியானது என்று நீங்களே சொன்னால், புதிய அரசு ஒன்று தன் தவறைத் தானே சொன்னது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். நான் முதல் ஆளாக எழுதுவேன். அப்படி ஒரு தலையங்கம் எழுத எத்தனை வருடம் காத்திருக்கிறேன் தெரியுமா? அதிலிருந்து எத்தனை வரி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம்.

சொல்லாமல் போனால், தங்கையிடம் மட்டும் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நான் அன்று மாலை தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் திட்டுவதற்காகவாவது அழைத்தால் எடுப்பேன். தொலைக்காட்சியில் தன் அண்ணனின் வாயிலிருந்து அவள் அதைக் கேட்கக் கூடாது. அவள் அடுப்படியில் நின்றுகொண்டு பார்ப்பவள். தனியாக நிற்கும்போது கேட்கக் கூடாது. பக்கத்தில் இருங்கள்.

உங்கள் ஆட்சி நிலைக்கட்டும் என்று வாழ்த்த எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தூக்கம் வர வேண்டும், என் மருமகள் பெரியவளாகி எல்லாரையும் கேள்வி கேட்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

டேய், புதன்கிழமை வாயைத் திறடா.

என்றும் உன்,
மச்சான்